அறிவுசார் குறைபாடு உள்ள மகனுக்கு எதை எழுதி வைப்பது: உயிலா, செட்டில்மென்டா, டிரஸ்டா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்பவருக்கு 58 வயது. கணவருக்கு 64, மாநில அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது. கணவர் சம்பாதித்துக் கட்டிய வீடு அவர் பெயரில் இருக்கிறது. தாத்தா வழியில் வந்து, குடும்பப் பாகப்பிரிவினையில் கணவருக்கு ஒதுங்கிய மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. வங்கி டெபாசிட் இருவர் பெயரிலும். மகள் திருமணமாகிப் புனேயில் இருக்கிறார். மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. தானாகக் குளிப்பார், சாப்பிடுவார், தெருமுனைக் கடைக்குப் போய் வருவார், ஆனால் பணம் எண்ணத் தெரியாது. மாமியாரும் அதே வீட்டில். "எல்லாவற்றையும் மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், தம்பியை அவள் பார்த்துக்கொள்வாள்" என்கிறார் கொழுந்தனார். தெரிந்த ஆடிட்டர் டிரஸ்ட் போடச் சொல்கிறார். ஒரு உயில் எழுதினால் போதாதா என்கிறார் கணவர். கேட்பவருடைய அக்கா மகன் அதே ஊரில் ஆசிரியராக இருக்கிறார், மகனிடம் பிரியமாக இருப்பவர்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்குச் செட்டில்மென்ட், அதாவது இப்போதே சொத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் பத்திரம், வேண்டாம். மகன் பெயருக்கு நேராக எதையும் எழுத வேண்டாம். சின்னத் தொகையில் ஒரு டிரஸ்டை, அதாவது டிரஸ்டிகள் மகனுக்காகப் பணத்தை வைத்து நிர்வகிக்கும் ஏற்பாட்டை, இப்போதே தொடங்குங்கள். நீங்களும் கணவரும் ஆளுக்கொரு உயில் எழுதி, மகனுக்குச் சேர வேண்டியது அந்த டிரஸ்டுக்குப் போகும்படி செய்யுங்கள். இதோடு, இதுவரை செய்யவில்லை என்றால், மகனுக்குச் சட்டப்படியான கார்டியன் நியமனம் வாங்குங்கள். ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எதுவுமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். நீங்கள் இந்துக் குடும்பம் என்று எழுதியிருப்பதால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கணவர் உயில் இல்லாமல் காலமானால் வீடு முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகள், மகன் என்று மூன்று பேரை எண்ணிவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். நான்காவது ஆள் இருக்கிறார்: கணவரின் அம்மா, உங்கள் மாமியார். அவருக்கும் கால் பங்கு உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கால் பங்கு உங்கள் பிள்ளைகளோடு கொழுந்தனாருக்கும் அவருடைய கூடப் பிறந்தவர்களுக்கும் பிரியும். யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலேயே வீட்டுக்குப் புதுப் பங்குதாரர்கள் வந்துவிடுவார்கள்.

மகனுடைய கால் பங்குதான் இதைவிடப் பெரிய சிக்கல். அவர் 18 வயதைத் தாண்டியவர். 18 வரைக்கும்தான் தாயும் தகப்பனும் இயல்பான கார்டியன். அதற்குப் பிறகு "நான் அவன் அம்மா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சார்பதிவாளர் அலுவலகத்திலோ வங்கியிலோ சொன்னால் சட்டப்படி அது எடுபடாது. மகனாலும் புரிந்து கையெழுத்துப் போட முடியாது. அப்படியானால் வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, கட்டுமானக்காரருக்குக் கொடுக்கவோ வழியே இல்லாமல் எல்லாம் நின்றுபோகும். பலர் பாசத்தில் செய்யும் காரியம், வீட்டையோ டெபாசிட்டையோ அந்தப் பிள்ளை பெயருக்கே நேரடியாக எழுதி வைப்பது. பெயரில் சொத்து இருக்கும், மருந்துக்குக் காசு எடுக்க முடியாது. தாத்தா பாட்டி, பெரியம்மா யாராவது அவருக்கு ஏதாவது எழுதி வைக்க ஆசைப்பட்டால், அவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி கொழுந்தனார் சொல்லும் வழி. அதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குச் செலவு குறைவு. 2023 ஜூலையில் உயர்த்தியபோதும் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்ற உச்சவரம்போடுதான் வைத்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த நாளில் இருந்து வீடு மகளுடையது. மகள் நல்லவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தம்பி மீது உயிராக இருப்பவர்தான். கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியது இல்லை. மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீடு யாருக்குப் போகும்? அவருடைய பிள்ளைகளுக்கும் கணவருக்கும். தம்பி அந்த வரிசையிலேயே வரமாட்டார். மருமகனின் தொழில் கடனுக்கு மகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், கடன் கொடுத்த வங்கி இந்த வீட்டின் மீதும் கை வைக்கலாம். மகள் மேல் வைத்த நம்பிக்கையை அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் மீதும், அவரைச் சுற்றி இருக்கிறவர்கள் மீதும் சேர்த்து வைக்க வேண்டியதாகிவிடும்.

"தம்பியைப் பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே நிபந்தனை போட்டுவிட்டால்?" என்று கேட்பீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் 23ஆவது பிரிவு இருக்கிறது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய அது வழி செய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் அந்தப் பிரிவுக்குத் தாராளமான பொருள் கொடுத்து, மகனுக்கு எழுதிய தானப்பத்திரத்தை ரத்து செய்தது. ஆனால் அது 60 வயதான பெற்றோருக்கான பாதுகாப்பு. நீங்கள் இருவரும் போன பிறகு, அந்த நிபந்தனையை நிறைவேற்றச் சொல்லி மகன் சார்பில் கோர்ட்டு வாசலில் நிற்கப் போவது யார்? அதற்கு ஒரு ஆளை இப்போதே நியமித்து வைக்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர்தான் டிரஸ்ட்.

அதற்கு முன் நாமினி பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லாத்துக்கும் நாமினி போட்டிருக்கோம்" என்று எழுதியிருந்தீர்கள். நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதி உள்ளவர், அவ்வளவுதான். உயில் யாருக்கு என்று சொல்கிறதோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் யாருக்கு என்று சொல்கிறதோ, அவர்களுக்குத்தான் பணம் சேரும். கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு மட்டும் கொஞ்சம் வேறு. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதனால் பாலிசியில் மகன் பெயர் நாமினியாக இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தத் தொகை அவர் பெயரிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும். வங்கி டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் டெபாசிட் என்றால் முதலில் உங்கள் இருவரில் மற்றவர், அடுத்து மகள் என்று வரிசையாகப் போடுங்கள்; இருவர் பெயரிலும் இருந்தால் மகளைப் போடுங்கள். மகள் வாங்கிக்கொள்ளும் அந்தப் பணம் டிரஸ்டுக்குச் சேர வேண்டும் என்பதை உயில் சொல்லட்டும்.

சரி, கணவர் கேட்பதுபோல் உயில் மட்டும் போதாதா? உயிலிலேயே டிரஸ்ட் ஏற்படுத்த முடியும், சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் உயில் உயிர் பெறுவது எழுதியவர் இறந்த பிறகு. அதன் பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், டிரஸ்டுக்கு பான் எண், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக ஓட வேண்டும். யாராவது உயிலை எதிர்த்து வழக்குப் போட்டால் இன்னும் இழுக்கும். அந்த மாதங்களில் உதவியாளருக்குச் சம்பளம், மாத்திரை, பயிற்சி மையத்தின் கட்டணம் இதையெல்லாம் யார் கொடுப்பது? அதனால்தான் டிரஸ்டை இப்போதே சிறிதாகத் தொடங்கச் சொல்கிறேன். நான்கைந்து லட்சம் ரூபாய் டெபாசிட் போதும். நீங்கள் இருவருமே முதல் டிரஸ்டிகளாக இருங்கள். மகனுடைய செலவை அந்தக் கணக்கில் இருந்தே செய்து பாருங்கள். ஒரு வருடம் நடத்தினால் மாதம் உண்மையில் எவ்வளவு ஆகிறது, எந்த வேலைக்கு எந்தக் காகிதம் கேட்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரஸ்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை வாங்கி நடத்துவார்கள், புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

நம் ஊரில் டிரஸ்ட் என்றதும் பள்ளிக்கூடம், கோயில், தர்ம காரியம் என்றுதான் நினைப்பார்கள். குடும்பத்துக்கான தனியார் டிரஸ்டுக்கு 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. சொத்தை ஒருவர் கொடுக்கிறார், டிரஸ்டி வைத்து நிர்வகிக்கிறார், பயனாளி அனுபவிக்கிறார். பணத்தை மட்டும் வைத்துத் தொடங்கினால் பதிவு கட்டாயம் இல்லை. இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள், வங்கியில் கேள்வி குறையும். வீடு, நிலம் என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும், அல்லது உயில் வழியாகப் போக வேண்டும். வீட்டை உயில் வழியாக அனுப்புவதுதான் உங்களுக்குச் சரி. உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. டிரஸ்டுக்கு இப்போதே வீட்டை மாற்றப் போனால், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டின் சலுகை அதற்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதைவிட முக்கியம், அந்த வீடு உங்கள் இருவருடைய முதுமைக்கும் பிடிமானம். திரும்பப் பெற முடியாத டிரஸ்டில் போட்டது போட்டதுதான். உங்கள் மருத்துவத்துக்கு வேண்டிய பணத்தை அதில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வருமான வரி பற்றி இரண்டு வார்த்தை. மகன் ஒருவரே பயனாளி, வருமானம் முழுவதும் அவருக்கே என்று தெளிவாக எழுதினால், வட்டி வருமானத்துக்கு அவருக்குரிய தனிநபர் விகிதத்தில் வரி வரும். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டால், பொதுவாக உச்ச விகிதத்தில் போட்டுவிடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால் வருமானம் உங்கள் கணக்கில் சேரும். நம் நாட்டில் மரண வரி 1985இலேயே எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே "வாரிசு வரியில் இருந்து தப்பிக்க டிரஸ்ட்" என்று யாராவது உங்களிடம் பேசினால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்: யார் டிரஸ்டி. பத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடத்துகிறவர்களைப் பொறுத்துத்தான் மகனின் வாழ்க்கை. இதில் சட்டம் தானாக என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், பத்திரத்தில் எதை மாற்றி எழுத வேண்டும் என்பது புரியும். டிரஸ்டியாக இருக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அதனால் பெயர் போடுவதற்கு முன் நேரில் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். பல டிரஸ்டிகள் இருந்தால் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பது பொது விதி. புனேயில் இருக்கும் மகளின் கையெழுத்துக்காக ஒவ்வொரு காசோலையும் காத்திருக்கக் கூடாது. அன்றாடச் செலவுக்கு உள்ளூரில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போதும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவர், வீட்டை விற்க எல்லோரும் என்று படிப்படியாக எழுதுங்கள். பத்திரத்தில் சொல்லாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. உங்கள் அக்கா மகனுக்கு ஒரு நியாயமான மாதத் தொகை எழுதி வையுங்கள். பாசத்தில் இரண்டு வருடம் செய்வார்கள், இருபது வருட வேலைக்கு மரியாதையான ஊதியம் வேண்டும். பணத்தை எங்கே முதலீடு செய்யலாம் என்பதையும் சட்டம் குறுக்கி வைத்திருக்கிறது, அதனால் வங்கி டெபாசிட், அரசுக் கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் என்று நீங்கள் அனுமதிப்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

என் கணக்குக்கு மூன்று பேர் சரி. மகள், அக்கா மகன், மூன்றாவதாகக் குடும்பத்துக்கு வெளியே ஒருவர். அந்த மூன்றாவது ஆளாக, இதே நிலையில் பிள்ளை உள்ள இன்னொரு பெற்றோரைப் போடலாம். மகன் போகும் பயிற்சி மையத்தில் அப்படிப்பட்டவர்கள் உங்களுக்குப் பழக்கமாக இருப்பார்கள், எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் விலகினால், இறந்தால், உடம்பு முடியாமல் போனால் அடுத்தவர் யார், அவரை நியமிப்பது யார் என்பதை இரண்டு தலைமுறைக்காவது எழுதுங்கள். மகனுக்கு 24 வயது, இன்னும் ஐம்பது வருடம் ஓட வேண்டிய ஏற்பாடு இது. இப்போது நீங்கள் எழுதும் பெயர்களில் யாரும் கடைசி வரை இருக்கமாட்டார்கள். சில வங்கிகளின் துணை நிறுவனங்கள் கட்டணத்துக்கு டிரஸ்டி வேலை செய்கின்றன, பெரிய தொகை என்றால் கடைசி மாற்றாக அவர்களையும் பத்திரத்தில் சேர்க்கலாம்.

நோக்கத்தைச் சொல்லும் பகுதியை எப்படி எழுதலாம் என்று ஒரு மாதிரி தருகிறேன்: "மேற்படி பயனாளியின் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், பயிற்சி, உதவியாளர் சம்பளம், பயணம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு டிரஸ்டின் வருமானத்தையும், போதாவிட்டால் முதலையும் டிரஸ்டிகள் செலவிட வேண்டியது. முதலைக் காப்பாற்றுவதைக் காரணம் காட்டி மேற்படி தேவைகளைக் குறைக்கக் கூடாது." கடைசி வாக்கியத்தை வரைவில் இருந்து எடுக்க விடாதீர்கள். நேர்மையான டிரஸ்டிகள்கூட, கணக்கில் பணம் குறையாமல் இருப்பதையே நல்ல நிர்வாகம் என்று நினைத்துவிடுவார்கள். வருடா வருடம் வட்டி சேர்ந்து கொண்டிருக்கும், பையன் கிழிந்த பனியனோடு உட்கார்ந்திருப்பார்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, மகன் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்பது. செலவு செய்ய வேண்டியவரும் மிச்சத்தை வாங்கப் போகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், தெரிந்தோ தெரியாமலோ கை இறுகும். ஆகவே மகளுக்குக் கொடுக்க நினைப்பதை உயிலில் தனியாக, நேராக அவருக்கே கொடுத்துவிடுங்கள். தம்பிக்கான பணத்தை அவர் தன் பங்காக எண்ணிப் பார்க்கும் நிலையே வரக் கூடாது. டிரஸ்டில் மிஞ்சுவது பேரப்பிள்ளைகளுக்குப் போகட்டும். ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்கிறவர் அந்த மிச்சத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆடிட்டராக இருக்கட்டும். மகனைச் சேர்க்கும் இல்லத்துக்கே மிச்சத்தை எழுதி வைக்கிறவர்களும் உண்டு. அதையும் நான் ஆதரிக்கமாட்டேன், காரணம் அதேதான்.

கார்டியன் விஷயம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் நிலைக் குழு ஒன்று இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் அந்தக் குழுவிடமே விண்ணப்பித்துக் கார்டியன் நியமனம் வாங்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் படிவம் பற்றிச் சொல்வார்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் மகனுடைய சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கையும் கார்டியன் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் கார்டியன் ஆக வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களோ அதை உயிலில் எழுதுங்கள், நியமிப்பது குழுதான் என்றாலும் உங்கள் விருப்பத்துக்கு அங்கே எடை இருக்கும். கார்டியன் ஆளைப் பார்ப்பவர், டிரஸ்டி பணத்தைப் பார்ப்பவர். இரண்டும் முழுக்க ஒரே கையில் இல்லாமல் இருப்பது நல்லது. இதே சட்டத்தின் கீழ் நிராமயா என்று ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, சேரவில்லை என்றால் சேருங்கள்.

அப்புறம் அந்த மூன்று ஏக்கர். அது பாகப்பிரிவினையில் வந்த பரம்பரைச் சொத்து, அதில் மகளுக்கும் மகனுக்கும் பிறப்பிலேயே பங்கு இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் அது போய்விடாது. 2005ஆம் ஆண்டுத் திருத்தமும், அதை விளக்கிய 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதை முடித்துவைத்துவிட்டன. எனவே கணவர் தன் உயிலில் தன்னுடைய பங்கை மட்டுமே எழுத முடியும், முழு நிலத்தையும் எழுதினால் அந்த அளவுக்கு உயில் நிற்காது. மகள் விரும்பினால் தன் பங்கை டிரஸ்டுக்குத் தரலாம், அது அவருடைய முடிவு. மகனுடைய பங்கு அவருடையதாகவே இருக்கும், அதை நிர்வகிப்பதற்கும் கார்டியன் நியமனம் வேண்டும். நிலத்தை யார் பயிர் செய்கிறார்கள், குத்தகை எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது. கணவர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து மகன் பெயரைப் பென்ஷன் ஆவணங்களில் ஏற்ற வேண்டும். மாதா மாதம் வரும் அந்தத் தொகைக்கு ஈடாக ஒரு டெபாசிட் போடப் போனால் எவ்வளவு பெரிய முதல் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

உயில் எழுதும் முறை எளிது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும். இருவரும் சேர்ந்து ஒரே கூட்டு உயில் எழுதாதீர்கள், பின்னால் மாற்றுவதற்குச் சிக்கல். எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக இருக்கட்டும், நாளைக்கு ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். உயிலால் பயன் பெறுகிறவர்கள் சாட்சிப் போட வேண்டாம். சர்வே எண், கதவு எண், பத்திர எண்ணோடு சொத்தைக் குறிப்பிட்டு, "இதில் சொல்லாத மற்ற எல்லாச் சொத்தும் டிரஸ்டுக்கு" என்று ஒரு வரி சேருங்கள். மாமியாருக்கு அந்த வீட்டில் ஆயுள் முழுவதும் இருக்கும் உரிமையையும் எழுதுங்கள், அது நியாயம், அவருக்கும் நிம்மதி. உயிலை நிறைவேற்றுகிறவர் என்று ஒருவரை நியமியுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்தால் தொலையாது. பவர் பத்திரம் கொடுத்திருக்கிறோம், அது பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் பவர், அதைக் கொடுத்தவர் இறந்த நிமிடமே செத்துவிடும். சென்னை எல்லைக்குள் சொத்து இருந்தால் உயிலை மெய்ப்பிக்கும் புரொபேட் பற்றி மட்டும் வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள்.

பத்திரத்தில் எழுத முடியாதவற்றுக்கு ஒரு நோட்டு போடுங்கள். சட்ட மதிப்பு கிடையாது, ஆனால் டிரஸ்டிகள் தினமும் திறக்கப் போவது அதைத்தான். காலை மாத்திரை எது, அதைத் தயிரில் கலந்தால்தான் விழுங்குவார் என்பது. முடி வெட்டும்போது கத்தரிக்கோல் சத்தம் பிடிக்காது, மெஷின் என்றால் சும்மா இருப்பார் என்பது. வலி வந்தால் வாயால் சொல்லமாட்டார், வலது காதைப் பிடித்து இழுப்பார் என்பது போன்ற விஷயங்கள். உங்கள் மகனுக்கு இவை வேறாக இருக்கும். உங்கள் மனதில் மட்டுமே இருக்கும் அந்தச் செய்திகளைத் தேதி போட்டு எழுதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்துங்கள்.

எந்த வரிசையில் செய்வது என்றால், பென்ஷனில் பெயர் சேர்ப்பதும் பாலிசியில் நாமினி மாற்றுவதும் முதலில். அதோடு சேர்த்தே கார்டியனுக்கு விண்ணப்பம், அதற்கு நாள் பிடிக்கும். உயில்கள் இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம், டிரஸ்ட் பதிவாகும் முன்னாலேயே எழுதி, பிறகு டிரஸ்டின் பெயரைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம். கடைசியாக டிரஸ்ட் பத்திரம். அதன் வரைவு வந்ததும் கையெழுத்துக்கு அவசரப்படாமல், மகள் விடுமுறைக்கு வரும்போது அவரையும் மருமகனையும் அக்கா மகனையும் ஒன்றாக உட்காரவைத்து முழுவதையும் வாசியுங்கள். கொழுந்தனாரையும் கூப்பிடுங்கள். யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் அது இப்போதே, நீங்கள் இருவரும் பதில் சொல்ல இருக்கும்போதே வெளியே வரட்டும். வரைவை மாற்றிக்கொள்ள அப்போது நேரம் இருக்கும்.